பிள்ளையார் சுழியும் கோல்ஃப் மட்டையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் திருவனந்தபுரத்தில் மராமத்து ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். பாலத்துக்கும் கட்டடத்துக்கும் பிளான் வரைகிற வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கரமனையில் வாடகை வீடு, புதுசாகக் கல்யாணம்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம், ஆபீஸ் விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பழவங்காடிப் பிள்ளையாரைக் கடக்கும்போது தலையில் குட்டிக்கொள்ளாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. இறங்கி நின்று குட்டிக்கொள்வதுதானே மரியாதை? எனக்கு எப்போதும் அவசரம். ஓடுகிற சைக்கிளிலேயே இரண்டு கையையும் விட்டுவிட்டுக் குட்டிக்கொண்டேன். பிள்ளையாருக்குச் சிதறடித்து ரோட்டில் கிடந்த தேங்காய்ச் சில்லில் சக்கரம் ஏறியது. அவ்வளவுதான், வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது.

கட்டுப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. ஆனால் கை பழைய கையாக இல்லை. பேனாவைப் பிடித்தால் விரல் நடுங்கும். நேர்கோடு போட்டால் புழு நெளிகிற மாதிரி நெளியும். எங்கள் எஞ்சினியர் நல்ல மனுஷர்தான். "ஓணம் லீவு முடிஞ்சதும் வாரும். கோடு போட முடிஞ்சா உம்ம நாற்காலி உமக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டாகணும், நான் என்ன பண்ண?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். வரைவதைத் தவிர வேறு எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது.

இதில் என் வீம்பு வேறு. "இடது கையால ஸ்பூன் பிடிச்சாவது சாப்பிடுங்கோளேன்" என்று என் மனைவி கெஞ்சுவாள். பீச்சாங்கையால் சாப்பிடுவதா? செத்தாலும் மாட்டேன் என்று, அந்த நடுங்குகிற கையாலேயே மோர் சாதத்தைப் பிசைந்து வேஷ்டியெல்லாம் இறைத்துக்கொள்வேன்.

எங்கள் ஆபீசில் ஓவர்சியர் ஒருவர், என் வயசுக்காரர், எனக்கு ரொம்ப சிநேகிதம். வித்துரா பக்கத்து மலையாளி. அங்கே தேயிலைத் தோட்டத்து ரோடு வேலையில் இருந்தபோது துரைமாரோடு கோல்ஃப் ஆடப் பழகினவர். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய மட்டைகள் அவரிடம் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எந்தா சுவாமி, கோழி அடைகாக்குற மாதிரி கிடக்குறீர்? கையை ஆட்டணும்னு டாக்டர் சொன்னாரில்லே? வாரும்" என்றார்.

எனக்குக் கோபமான கோபம். பேனா பிடிக்க முடியாதவனுக்கு மட்டை ஒரு கேடா என்று கத்தினேன். "போயிட்டுத்தான் வாங்கோளேன், மோட்டுவளை எங்கேயும் ஓடிப்போகாது" என்று என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேருமாக என்னைக் கிளப்பிவிட்டார்கள்.

பூஜப்புரைப் பக்கம் ஒரு வெற்றுத் திடல். வேஷ்டியைப் பஞ்சகச்சமாக இறுக்கிக்கொண்டு மட்டையைப் பிடித்தேன். ஓவர்சியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடது கை கீழே, வலது கை மேலே என்று பிடித்திருந்தேன். "சுவாமி, இது அம்பலத்துல தீர்த்தம் வாங்குறதில்லே கேட்டோ! இடங்கை மேலே, வலங்கை கீழே" என்றார். மாற்றிப் பிடித்தேன். ஒரு நிமிஷத்தில் கைகள் தாமாகவே பழையபடி மாறிக்கொண்டன. பிறந்தது முதல் வலது கையை மேலே வைத்தே வாங்கிப் பழகிய கை, வேறென்ன செய்யும்?

பிடி பிடிபட்ட பிறகு ஓங்கி ஓர் அடி அடித்தேன், விறகு பிளக்கிற மாதிரி. பந்து அங்கேயே உட்கார்ந்திருந்தது. புல் பறந்தது. வலது மணிக்கட்டில் சுரீரென்று வலி. மட்டையை வீசிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

மனுஷர் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "வலங்கையால அடிக்கிறதாக்கும் எல்லாருக்கும் சீக்கு. அது வெறுதே, சும்மா கூட வந்தாப் போதும். இடங்கையாக்கும் வண்டி ஓட்டணும். உமக்கு வலங்கைக்குப் பலமில்லே. அது உம்ம பாக்கியம் ஓய்!"

பாக்கியமாம்! என் கை ஒடிந்ததைப் பாக்கியம் என்று சொன்ன ஒரே பிராணி அவர்தான்.

ஆனால் சொன்னபடி செய்து பார்த்தேன். காலைத் தோளளவு அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, இடது கையை மடக்காமல் நீட்டி, தலையை அசைக்காமல் நின்றேன். மட்டையை அவசரமில்லாமல் பின்னால் கொண்டுபோய், தோளும் இடுப்பும் திரும்ப, அதன் போக்கிலே விட வேண்டும். பந்து எங்கே போகிறது என்று முன்கூட்டியே எட்டிப் பார்க்கக் கூடாது. எனக்கு அதுதான் பெரும்பாடு! ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் புல்லைத்தான் வெட்டினேன்.

பிறகு ஒரு நாள், எப்படியென்றே தெரியவில்லை, 'டக்' என்று ஒரு சத்தம். கையில் ஒரு பாரமும் தெரியவில்லை, வலியும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது பந்து திடலின் அந்தக் கோடியில் இருந்த புளியமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஓவர்சியர் என்னைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உள்ளங்கையைப் பார்த்தேன். கொப்புளம் இருந்தது இடது கையில். அத்தனை தூரம் பந்தை அனுப்பியது இதுதானே? இது ஒரு கோடு இழுக்காதா?

அன்றைக்கே பலகையில் பேப்பரைக் குத்தினேன். அளவுகோலை அசையாமல் அழுத்திக்கொள்ள வலது கை போதும். பேனா இடது கையில். திடலில் கற்ற பாடமேதான் இதற்கும். இறுக்கிப் பிடிக்காதே, மணிக்கட்டால் இழுக்காதே, தோளிலிருந்து வா, கோடு முடிகிற இடத்தை முன்னாலேயே எட்டிப் பார்க்காதே. ஓணம் வருவதற்குள் கோடு நேரானது. பிளானில் எழுதுகிற எழுத்துதான் கோழிக் கிறுக்கலாக இருந்தது.

ஆபீசுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. எந்த பிளானையும் மூலையில் பிள்ளையார் சுழி போடாமல் நான் ஆரம்பித்ததில்லை. அதை எப்படிப் பீச்சாங்கையால் போடுவது? ஏற்கெனவே அவர் வாசலில் விழுந்தவன் நான். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி சிரித்துவிட்டாள். "ஏன்னா, அவரே தந்தத்தை ஒடிச்சு அதாலேதானே பாரதம் எழுதினார்? ஒடிஞ்சதை வெச்சுண்டு வேலை பண்றவாளை அவருக்குத் தெரியாதா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைப்பானேன், அன்று அழுதேன்.

மறுநாள் எஞ்சினியர் என் பக்கத்திலேயே வந்து நின்றார். ஆபீஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. இடது கையால் சுழி போட்டேன். தலையை அசைக்கவில்லை. ஒரே இழுப்பில் ஒரு கோடு. அதன் கீழே அளவை எழுதினேன், அது கிறுக்கல்தான். எஞ்சினியர் குனிந்து கோட்டையே பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார். "எழுத்தை வேற யாராவது எழுதட்டும். கோட்டை நீர் போடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பென்ஷன் வாங்கும் வரை அந்த நாற்காலி என்னுடையதாகவே இருந்தது. கோல்ஃபில் நான் ஒன்றும் பெரிய சூரனாகவில்லை. பழவங்காடியில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கித்தான் குட்டிக்கொள்வேன். இப்போதும் ஏதாவது ஒன்று கையைவிட்டுப் போய், இனி அவ்வளவுதான் என்று மனசு படுத்துக்கொள்ளும்போதெல்லாம், அத்தனை வருஷம் ஒரு வேலையும் கொடுக்கப்படாமல் என் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த இந்த இடது கையைத்தான் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.