ஓடிய காரை நிறுத்தியவர்

ஈழத்தமிழர் நிறைந்த பிரெஞ்சு வட்டாரமான லா ஷப்பலில் நான் குடியிருந்த கட்டடத்தின் உள்முற்றத்தில் ஒரு பழைய டீசல் கார் நின்றது. அது கீழ்வீட்டுக்காரருடையது. உணவகமொன்றில் சமையல் வேலை பார்க்கும் ஒல்லியான மனிதர் அவர். ஞாயிறுதோறும் பானெட்டைத் திறந்துவைத்துக் குனிந்து நிற்பார். கழற்றும் திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசை மாறாமல் போட்டு வைப்பார்.

பேட்டரியை மாற்றினார். டீசல் வடிகட்டியை மாற்றினார். வயர்களின் முனைகளைச் சுரண்டித் துடைத்தார். ஐந்து வாரமாகியும் சாவியைத் திருப்பினால் கார் இருமியதே தவிர, ஓடவில்லை.

ஆறாவது ஞாயிறன்று திரான்சியில் அவருடைய பேத்திக்குப் பிறந்தநாள். மனைவி பட்டுச்சேலை உடுத்து, கேக் பெட்டியுடன் வாசலில் நின்றார். குப்பை போட நானும் இறங்கியிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது.

மனைவி ஏறப் போனார். அவரோ காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி பானெட்டைத் திறந்தார்.

"அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே அண்ணா?" என்றேன்.

"ஓம் தம்பி. ஆனா ஏன் எண்டு விளங்கேல்லை. இண்டைக்கு நான் ஒண்டுமே செய்யேல்லையே."

"இவருக்கு விளங்கிறதுக்குள்ளை பிள்ளைக்கு அடுத்த பிறந்தநாளும் வந்திடும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மனைவி ரயிலைப் பிடிக்க நடந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து அவரும் ரயிலில்தான் போனார்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன். சோதனை ஒன்று எதிர்பாராமல் சரியாக வந்துவிட்டால், முடிவைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.