பாலத்தடியில் கேட்ட குரல்

இன்று விழுப்புரத்தில், எங்கள் பயிற்சிக் கூடத்தில், ஒரு பொம்மையைக் கொன்றுவிட்டோம்.

மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவிகளும் சேர்ந்து வேலை செய்யப் பழகத்தான் இந்தப் பயிற்சி. நோயாளியாகப் படுத்திருந்த பொம்மையின் கையில் 'பென்சிலின் ஆகாது' என்று சிவப்புப் பட்டை. டாக்டராக நின்ற மாணவன் அதைக் கவனிக்காமல் பென்சிலின் ஊசி போடச் சொன்னான். நர்ஸாக நின்ற என் மாணவி பட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஊசியைப் போட்டாள்.

"ஏம்மா, பட்டையைப் பார்த்த இல்ல?"

"பார்த்தேன் மேடம். டாக்டர் சொல்றாரு, நான் எப்படி மேடம் வேணாங்கிறது?"

டாக்டராம்! அவளைவிடச் சின்னவன்.

நாளைக்கு அந்தக் கட்டிலில் கெடார் கிராமத்திலிருந்து வந்த யாரோ படுத்திருப்பார்கள், தப்பென்றால் வாயைத் திற என்று தொண்டை வறளப் பேசினேன். நன்றாகத் தலையாட்டினாள்.

சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அவள். அவள் வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டும். டிரைவர் பாலத்தடியில் இருக்கும் ஸ்டாப்புக்குப் போகாமல் மேம்பாலத்தில் ஏறப் பார்த்தார்.

"அண்ணே, நிறுத்துங்க! நிக்கும்னு சொல்லித்தானே ஏத்தினீங்க? இப்ப மேல போய்க்கினு இருந்தா என்னா அர்த்தம்? கீழ விடுங்க வண்டிய!"

பஸ்ஸே அவளைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் அவசரமாக விசிலடித்தார். வண்டி பாலத்தடியில் போய் நின்றது.

இறங்கும்போதுதான் என்னைக் கவனித்தாள். "வர்றேன் மேடம்" என்றாள், காதில் விழாத குரலில்.

அடுத்த பயிற்சியில் டாக்டராக நிற்பவனுக்கு வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாகக் காக்கிச் சட்டை மாட்டப் போகிறேன். பொம்மையாவது பிழைக்கட்டும்.

யாரிடமாவது பழைய கண்டக்டர் சட்டை இருக்கிறதா?