கட்டிலை உலுக்கிய தாளம்

துபாயில் பணக்காரர்கள் ஆடும் இடங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுவது என் வேலை. கன்னியாகுமரிக் கடற்கரையில், கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போட்டுப் பழகிய கை இது. இங்கே ஹோட்டல் கிளப்பில் நான்கு மணி நேரம் வயர் இழுத்து சவுண்ட் செக் முடித்தால், ஆட்டம் தொடங்கும் முன்பு எங்களை சர்வீஸ் லிஃப்டில் இறக்கி அனுப்பிவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஹவுஸ் மியூசிக் என்று அவர்கள் போடுவது எனக்குப் பாட்டாகவே படவில்லை. டும் டும் டும் டும் என்று ஒரே இடி. இதற்கா இவ்வளவு செலவு என்று மனதுக்குள் திட்டுவேன்.

அந்தத் திட்டை நிறுத்தியவன் எங்கள் கம்பெனி வேர்ஹவுஸுக்குக் காவல் நின்ற உகாண்டாக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஒருநாள் ஸ்பீக்கர் சோதிக்கையில் அதே இடியைப் போட்டேன். வாசலில் நின்றவன் யூனிஃபாரத்தோடு உள்ளே வந்து, கண்ணை மூடி ஆடத் தொடங்கினான். எனக்குச் சிரிப்பு வந்தது. "இது யாரோட பாட்டுன்னு தெரியுமா, ப்ரோ?" என்று கேட்டான். "பணக்காரனோட பாட்டு" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவன் ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அமெரிக்காவில், சிக்காகோவில், கறுப்பர்களையும் ஆணை நேசிக்கும் ஆண்களையும் நல்ல கிளப்புகளில் உள்ளே விடாத காலம். அவர்கள் ஒரு பழைய கிடங்கில் கூடி விடிய விடிய ஆடினார்கள். ஊர் சலித்துத் தூக்கிப்போட்ட டிஸ்கோ இசைத்தட்டுகளோடு, விலைபோகாத தாள மெஷினையும் சேர்த்து ஓட்டினார்கள். அந்தக் கிளப்புக்கு வேர்ஹவுஸ் என்றே பெயர்; அதை வைத்துத்தான் ஹவுஸ் என்ற பெயரே வந்ததாம். "வாசல்ல நிறுத்தப்பட்டவங்க உண்டாக்கினது. இப்ப அதுக்கே வாசல்ல ஆள் போட்டு நம்மளை நிறுத்துறாங்க" என்றான். சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போனான்.

ஞாயிறு மதியம் வேர்ஹவுஸில் வேலை கிடையாது. சாவி அவனிடம். இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஷட்டரை இறக்கிவிட்டு ஆடலாம் என்ற யோசனை அவனுடையது. சலூனில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள், மாதத்தில் இரண்டே ஞாயிறு வெளியே விடப்படும் எத்தியோப்பிய வீட்டுப் பணிப்பெண்கள், நேபாளி சமையல்காரர்கள் என்று இருபது பேர் சேர்ந்தார்கள். குடி கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆனாலும் அனுமதி இல்லாத கூட்டம். பிடிபட்டால் சாவி வைத்திருப்பவனின் விசா போகும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் முதல் நாளே என்னிடம் கேட்டான்: "வெளியே சத்தம் போகாதுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

நான் ஷட்டர் இடுக்குகளில் சத்தத்தை உறிஞ்சும் ராக்வுல் பஞ்சை அடைத்தேன். வெளியே போய் சத்தம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். தெருவில் போகிற லாரிச் சத்தத்தைவிட ஒன்றும் கூடவில்லை. "கேரண்டி" என்றேன்.

காலையில் சர்ச்சில் பூசை, மதியம் ஆட்டம் என்று ஆனது என் ஞாயிறு. வீட்டுக்காரி போனில் "பூசைக்குப் போனியளா?" என்று கேட்டால், போனேன் என்பேன், மிச்சத்தைச் சொல்லமாட்டேன். முதல் மாதம் மிக்சர் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். பிறகு ஒருநாள் என் கால் தானாக அசைந்தது. அந்த ஒரே இடியில் யாரும் யாருக்கும் ஆடிக்காட்ட வேண்டியதில்லை. நாற்பத்தெட்டு வயதில், தொப்பையோடு, நான் சந்தோஷமாக இருந்தேன். வளைகுடாவில் பதினெட்டு வருடத்தில் அப்படி இருந்ததில்லை.

நான்காவது மாதம், டீக்கடையில் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் பழக்கமானான். எங்கள் வேர்ஹவுஸின் பின்சுவரை ஒட்டிய கட்டடத்தின் மாடியில் அவனுக்கு ரூம். ரொட்டிக் கம்பெனியில் நைட் டூட்டி, பகலில் தூக்கம்.

"ஞாயித்துக்கெழம மட்டும் தூங்க முடியலண்ணே" என்றான். "சத்தமே கேக்கல. ஆனா கட்டிலு அதிருது. நெஞ்சுல யாரோ கையை வச்சு அமுக்குற மாதிரி இருக்கு. ரூம்ல எட்டு பேரும் முழிச்சுக் கெடக்கோம். அப்புறம் ராத்திரி மெஷின்ல கண்ணு சொக்குது. போன வாரம் ஒருத்தனுக்கு வெரலு போயிருக்கும், தப்பிச்சான்."

டீ கிளாசைக் கீழே வைத்தேன். மீட்டரில் இரண்டு நிலை உண்டு. ஒன்று காது கேட்கிற மாதிரி அளக்கும். அடித்தாளத்தைப் பெரும்பாலும் கழித்துவிடும். மற்றொன்று அதையும் சேர்த்து அளக்கும். ஹோட்டல்காரர்கள் கேட்பது முதலாவதைத்தான், அதனால் பதினெட்டு வருடமாக என் விரல் அதிலேயே நிற்கிறது. அன்றும் நின்றிருக்கிறது. நான் தெருப்பக்கம் மட்டும் பார்த்தேன்; தாளம் தரை வழியாகப் பின்சுவர் ஏறிப் போயிருக்கிறது. புதுப்பையன்கூடச் செய்ய வெட்கப்படும் தப்பு.

"ஏசி கம்ப்ரெசரா இருக்கும், தம்பி" என்றேன்.

"இருக்கும்ணே. கேம்ப் பாஸ்கிட்ட சொல்லியிருக்கோம்" என்றான் அவன்.

அன்றே உகாண்டாக்காரனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடித்தாளத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் ஆட்டமே இல்லை. கேரண்டி என்று வாய்கிழியச் சொன்னது பொய் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கருக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட் வைத்தேன். இந்த ஒரு வாரம் பார்ப்போம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு நாலு மணிக்கு ஷட்டரைத் தட்டினார்கள். அந்தக் கட்டடத்து ரூம்களைக் கவனிக்கும் கேம்ப் பாஸும் எங்கள் மேனேஜரும். உகாண்டாக்காரன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எல்லாரையும் பக்கவாட்டில் லோடிங் கதவு வழியாகத் தள்ளினான். "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி என் முதுகிலும் கை வைத்துத் தள்ளினான். "உனக்குப் பிள்ளைங்க இருக்கு" என்றான். நான் போனேன். பின்னால் பாட்டு நின்றது கேட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவனும் அங்கே நின்றிருந்தான். தான் தனியாகத்தான் பாட்டுப் போட்டதாக எழுதிக் கொடுத்திருந்தான். மேனேஜருக்குச் சந்தேகம். "ட்ரெய்னிங் இல்லாத ஒரு செக்யூரிட்டி, இந்த செட்டை இவ்வளவு சுத்தமா கனெக்ட் பண்ண முடியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"முடியும் சார்" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காப்பாற்றப்பட்டதில் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். யார் தப்பு என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. விசா கேன்சலாகி வியாழக்கிழமை விமானம். ஏர்போர்ட்டிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். எத்தியோப்பியப் பெண்கள் நிறையப் பேரிடம் போன் கிடையாது, இரண்டு பஸ் மாறி வருவார்கள், ஞாயிறு இரண்டு மணிக்கு வாசலில் நின்று அவர்களிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிடு, வெயிலில் நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

ஞாயிறு நான் போகவில்லை. அங்கே யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. ரூமில் ஏசியைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். வெளியே ஆகஸ்ட் வெயில். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கம்பாலாவிலிருந்து அவன் கேட்டான், சொல்லிவிட்டாயா என்று.

சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். நன்றி, நீ இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று பதில் வந்தது.