பென்சில் ரீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு கவுன்சலிங் ரீச்சர் வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அன்றைக்கு யாராவது காரணம் கேட்டிருந்தால், அவர் அளவுக்கு மீறி அன்பாக இருக்கிறார் என்றுதான் சொல்லியிருப்பேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் யாராவது எங்களிடம் அன்பாகப் பேசினால், இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்போம். நான் கொஞ்சம் கூடுதலாகவே யோசிப்பேன். அம்மா வாங்கிவரும் மீனைக்கூட இரண்டு தரம் முகர்ந்து பார்க்கிற பிறவி நான்.

மனையியல் வகுப்பின் பழைய சாமான் அறையை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே உடைந்த தையல் மெஷின் ஒன்று, ஒரு மேசை, இரண்டு கதிரைகள். யன்னலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ரயில் வந்தால் மேசை நடுங்கும். அது போய் முடியும்வரை ரீச்சர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார், கையிலுள்ள பென்சிலை மட்டும் மெதுவாக உருட்டிக்கொண்டிருப்பார். மேசையில் ஒரு தட்டில் மரி பிஸ்கட் இருக்கும், பக்கத்தில் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதும் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் என்று அதில் எழுதுவார். எல்லாமே பென்சிலால்தான். அதனால் நாங்கள் வைத்த பட்டம் பென்சில் ரீச்சர்.

ரீச்சர் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனைக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை. எங்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். 'இருக்கினம்' என்று நாங்கள் சொல்வதை அவர் 'இருக்காங்க' என்றார். வாசலில் நிற்கும் ஆமிக்காரனோடு சிங்களத்தில் சிரித்துப் பேசினார். எங்களுக்குச் சிங்களம் என்றால் அடையாள அட்டையைக் காட்டும்போது வருகிற நாலு சொல்தான். அப்படிச் சிரித்துப் பேசத் தெரிந்தவரிடம் எதையும் சொல்லக்கூடாது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"வீட்ல யார் யார் இருக்காங்க, பிள்ள?"

பொலிஸ் பதிவுப் படிவத்தில் உள்ள கேள்வியும் அதுதான். வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும், வீட்டுச் சொந்தக்காரரின் கையெழுத்தோடு, யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிய வேண்டும். எங்கள் படிவத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன, அம்மாவும் நானும். ஆனால் வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸில் மூன்று பேர். மூன்றாவது ஆள் என் அண்ணா. பத்தொன்பது வயது. வெளிநாடு போவதற்காக எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். இளம் பொடியனுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் அண்ணா வந்ததை வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை, பொலிசுக்கும் சொல்லவில்லை.

அண்ணாவின் செருப்பு குசினியில் பக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும். சேர்ட்டுகள் வீட்டுக்குள்ளேயே காயும். பள்ளிக்கூடம் போவதற்கு முன் தலை பின்னிக்கொண்டே அம்மா என்னைச் சோதிப்பார்.

"வீட்டில எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

"அண்ணா?"

"எனக்கு அண்ணா இல்லை."

"இல்லாத ஆளுக்கு இண்டைக்கும் சம்பல்தானா அம்மா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணா கேட்பார். அம்மா சிரிக்கமாட்டார். நான் சிரிப்பேன், தலையில் குட்டு வாங்குவேன்.

ஆகவே ரீச்சரிடமும் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். "அம்மாவும் நானும்தான், ரீச்சர்." அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிஸ்கட்டை நீட்டினார். ஒன்றை எடுத்துக் கைக்குள் வைத்திருந்து, வெளியே வந்து காகத்துக்குப் போட்டேன்.

பிறகு வாரம் ஒரு தரம் கூப்பிட்டார். பாடத்தில் நான் மிகவும் பின்னுக்கு இருந்தேன் என்பது உண்மை. நித்திரை இல்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். இதையெல்லாம் நான் சொல்லவில்லை, அவரும் தோண்டித் தோண்டிக் கேட்கவில்லை. நாளுக்கு எத்தனை மணித்தியாலம் படிக்கலாம் என்று அட்டவணை போட்டுத் தந்தார். நெஞ்சு படபடத்தால் எண்ணிக்கொண்டு மூச்சு விடச் சொல்லித் தந்தார். கணக்கு ரீச்சரிடம் எனக்காகப் பேசி, ஒப்படைக்கு ஒரு வாரம் கூடுதலாக வாங்கித் தந்தார். ஒவ்வொன்றும் உதவியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது.

பக்கத்து மேசைக்காரி ஒருநாள் காதுக்குள் ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"பென்சில் ரீச்சர் பொலிஸ் ஸ்டேசனுக்குள்ள இருந்து வந்தவ. என்ர கண்ணால கண்டனான். கையில அந்தக் கொப்பி."

"கொப்பியா? வடிவாப் பாத்தனியோ?"

"கொப்பியோ, பைலோ... ஏதோ ஒண்டு."

எனக்கு அது கொப்பியாகவே இருந்துவிட்டது.

அடுத்த கிழமை தவணைப் பரீட்சை மார்க்ஸ் வந்தது. கணக்கில் அறுபத்தெட்டு. அதுவரை நாற்பதைத் தாண்டாதவள் நான். ரீச்சருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"எப்படி இந்த ஏற்றம்? டியூஷன் போறீங்களா?"

"இல்லை ரீச்சர். அண்ணா சொல்லித் தாறவர்."

சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை. வழக்கமாக ரயில் போகும்வரை ரீச்சர் சும்மா இருப்பார். அன்றைக்கு மட்டும் அந்தச் சத்தத்துக்குள் குனிந்து கொப்பியில் இரண்டு வரி எழுதினார். ரயில் போனதும் கொப்பியை மூடி, "தண்ணி குடிங்க, பிள்ள" என்றார். அண்ணாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எதையும் கேட்கத் தேவையில்லாதவர் எல்லாம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கன்னத்தில் அறைந்தார். பிறகு அவரே அழுதார்.

"எழுதினவவோ? நீ கண்டனியோ?"

"ஓம். ரெண்டு வரி."

"பொலிசுக்குப் போறவ எண்டு சொன்னாயே, அவவோ?"

"ஓம் அம்மா."

வேறு யோசனைக்கு இடமிருக்கவில்லை. பொழுதுபடுவதற்கு முன் அண்ணாவைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா முடிவு செய்தார். அங்கே ஓர் ஒழுங்கைக்குள் சித்தி வீடு இருந்தது. அண்ணா ஒரு பையோடு வெளிக்கிட்டார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசல்வரை வெறுங்காலோடு நடந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இல்லாத ஆளையே காட்டிக் குடுத்திட்டாய், கெட்டிக்காரி."

பகிடியாகத்தான் சொன்னார். இந்தத் தரம் நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்காரரின் தொலைபேசிக்குச் சித்தி கோல் எடுத்தார். அந்த ஒழுங்கையை விடியற்காலையில் சுற்றிவளைத்திருக்கிறார்கள். பதிவில்லாத பொடியன்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணாவும் அதில் ஒருவர்.

நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. பென்சில் ரீச்சரும் கொட்டாஞ்சேனை, அண்ணா பிடிபட்டதும் கொட்டாஞ்சேனை. அண்ணா எங்கே போனார் என்பதையும் ரீச்சர் மோப்பம் பிடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். எப்படி மோப்பம் பிடித்திருப்பார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. இடைவேளையில் சோக்கட்டி எடுத்துப் போய் அவருடைய அறைக் கதவில் 'காட்டிக்கொடுப்பவள்' என்று எழுதினேன். பெரிய எழுத்தில், ஆற அமர எழுதினேன். ரீச்சர் ஈரத் துணியால் தானே துடைத்தார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் போகவில்லை. தட்டில் பிஸ்கட் அப்படியே இருக்கும். அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது உண்மை.

அம்மா புதுக்கடை நீதிமன்றத்துக்கும் தடுப்பு முகாமுக்கும் அலைந்தார். நான் ஒருநாள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தேன். வகுப்பு ரீச்சர் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்ட இடம் பென்சில் ரீச்சரின் அறை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியையும் வெளியே எடுக்கவில்லை. தேநீர் தந்தார். பழைய கணக்கு வினாத்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"பேச வேணாம். இத மட்டும் செய்ங்க. முடிஞ்சா போங்க."

செய்தேன். அடுத்த நாளும் வரச் சொன்னார். ஓ.எல். சோதனை வரும்வரை தினமும் இடைவேளையில் போனேன். வாயே திறக்காமல் கணக்குச் செய்தேன். அவரும் எதிரே உட்கார்ந்திருப்பார். செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடுகிறார், தேடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். தேநீரை மட்டும் குடித்தேன்.

ஓ.எல். கடைசிப் பாடம் முடிந்த அன்று எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கொப்பியிலிருந்து அவரவர் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் செய்வாராம்.

"இது உங்களுடையது. வாசிச்சிட்டு அழிச்சிடுங்க. யாருக்கும் காட்டாதீங்க." என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். "உங்க எழுத்து மாதிரி அழகா இருக்காது. கதவுல பார்த்தேன்."

முகம் எரிய வெளியே வந்தேன். கழிவறைக்குள் போய்க் கொண்டி போட்டுக்கொண்டு வாசித்தேன். மேலே என் மார்க்ஸ், அட்டவணை, 'நித்திரை குறைவு' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, ரயில் போன அந்த நாளுக்குரிய இடத்தில் இரண்டு வரிகள்.

'கணக்குப் பாடத்தில் தாய் உதவி செய்கிறார். வீட்டில் தாயும் மகளும் மட்டுமே, சகோதரர் இல்லை.'

திரும்பத் திரும்ப வாசித்தேன். என் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். கடைக்காரனின் கணக்குத் துண்டைக்கூட அண்ணாவிடம்தான் கூட்டித் தரச் சொல்வார். கொப்பியை நாளைக்கு யார் கேட்டாலும் அதில் இருக்கவேண்டியதை அந்த ரயில் சத்தத்துக்குள் அவர் எழுதி வைத்திருந்தார். பொலிசுக்கு ஏன் போனார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எதற்குப் போயிருந்தாலும் எங்கள் பொய்யை எனக்கும் மேலாகக் காப்பாற்றிய மனுஷி அவர். நான் கதவில் எழுதியபோதும் அந்தக் கொப்பிப் பக்கம் அவரிடம்தான் இருந்தது. ஒரு நாளும் அதை எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டவில்லை.

வெள்ளவத்தை அனெக்ஸை அண்ணா போன மாதம் முழுவதும், அதற்குப் பிறகும், ஒரு ஜீப்பும் தேடி வரவில்லை. அண்ணா கதவுக்குப் பின்னாலேயே பத்திரமாக இருந்திருக்கலாம்.

மன்னிப்புக் கேட்க அறைக்குத் திரும்பினேன். வாசலில் வேறு பிள்ளைகள் நின்றார்கள். கதவுப் பலகையில் என் சோக்கட்டி எழுத்து சாடையாக இன்னும் தெரிந்தது. உள்ளே போகத் தைரியம் வரவில்லை. பிறகு வந்த தவணையில் அவருக்கு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது.

அண்ணா பதினொரு மாதம் கழித்து வந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கொஞ்ச நாளில் வெளிநாடு போய்விட்டார், இப்போது பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போது அம்மா அந்த விரல்களைப் பற்றி விசாரிப்பார். தொலைபேசியை வைத்ததும், நாசமாய்ப் போன அந்தப் பென்சில் ரீச்சர் என்று ஒரு பாட்டம் திட்டுவார். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.

ரீச்சர் சொன்னபடி அந்தப் பக்கத்தை அழிக்கவில்லை. அதை அம்மாவிடம் காட்டினால், அண்ணாவைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பியது யார் என்பதையும் காட்டவேண்டி வரும். அதனால் அவர் திட்டி முடியும்வரை பக்கத்தில் இருந்து "ஓம் அம்மா" என்கிறேன்.