கேட்காமல் சொன்ன பதில்

வளைகுடாவில் வேலை பார்த்த நாட்களில், சத்வாவில் எங்கள் அறையில் ஞாயிறுதோறும் போக்கர் போட்டி நடக்கும். காசு கிடையாது, ஜெயித்தவருக்கு அந்த வாரம் சமையல் முறை இல்லை. கூட இருந்த சர்வேயர் ஒருவர் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்ஸ் வில்லைகளில் தன்னுடையது முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டு, நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் பயந்து விலகிவிடுவோம். எல்லோரும் விலகினால் ஜெயித்தவர் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை; அவரும் காட்டவே மாட்டார்.

ஒருமுறை தன்னிடம் சிப்ஸ் குறைந்தபோது அவர் தள்ளவில்லை. "ஏன்?" என்றேன்.

"இவ்வளவு கொஞ்சமாத் தள்ளினா யாரு சார் பயப்படுவீங்க? நீங்க விலகுனா அப்பவே ஜெயிச்சேன். விலகலைன்னாதான் எனக்கு நல்ல சீட்டே வேணும்."

அடுத்த வாரம் மூவர் மிஞ்சியபோது, அவர் மறுபடி மொத்தத்தையும் தள்ளினார். கையில் இரண்டு ஒன்பது ஜோடியாக இருந்தும் நான் விலகினேன். மற்றவரும் விலக, அவர் ஜெயித்துவிட்டார்.

படுக்கப் போகும்போது அருகில் வந்து, "தப்பிச்சீங்க சார், என்கிட்ட ரெண்டு ஏஸ், இருக்கறதுலயே பெரிய சீட்டு" என்றார்.

நான் கேட்கவே இல்லை. அதனால்தான் இன்றுவரை நம்ப முடியவில்லை.