ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் நான் தூத்துக்குடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கட்டுப் பிரித்ததும் ஊருக்குப் போனவர்களில் பலர் புண்ணில் சீழ் பிடித்துத் திரும்பி வந்தார்கள். அதனால் எங்கள் டாக்டர், சற்றுத் தள்ளி மில்லர்புரத்தில் காலியாகக் கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கியில் எட்டுக் கட்டில் போட்டார். வீட்டுக்குப் போகுமுன் சில வாரம் அங்கே இருந்து தேறட்டும் என்பது அவர் எண்ணம். தினமும் பிற்பகல் நான் போய்ப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் இருந்ததே இரண்டு நர்ஸுகள்தான்.

கீழவைப்பாரில் சங்கு குளிக்கும் ஒருவர், வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவே சிக்கித் தொடை எலும்பு முறிந்து வந்தார். எலும்பு கூடியபின் அவரைக் கிட்டங்கிக்கு மாற்றினோம். அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"வீட்டுல ரெண்டு பிள்ளையளும் தனியாக் கெடக்கு நர்சம்மா. நானே பாத்துக்கிடுதேன், அனுப்பி வச்சிருங்க."

"இப்பப் போனா கடல்ல எறங்கிருவாரு. கால் மறுபடி போயிரும்."

கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். "எறங்காம சோத்துக்கு என்ன செய்யச் சொல்லுதீய?"

ஆனாலும் அவரைப் போக விடவில்லை. தோளைக் கொடுத்து நடக்கப் பழக்கினேன். மூன்றாம் வாரம் கம்பை ஊன்றி வாசல் வரை வந்துவிட்டார்.

அன்று நான் அவரோடு நின்ற நேரத்தில்தான், ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு உதிரம் நிற்காமல் போயிற்று. டாக்டர் திருச்செந்தூர் போயிருந்தார். மற்ற நர்ஸ் ஒற்றை ஆளாகப் போராடியிருக்கிறாள். ஆள் வந்து சொல்லி நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாயின் முகத்தை மூடியிருந்தார்கள். குழந்தை பிழைத்தது.

டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. மறுவாரம், "கிட்டங்கியை நடத்தவா, மூடவா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்குன்னு தனியா ஒரு நர்ஸ் கிடைச்சா நடத்துங்க டாக்டர். இல்லன்னா மூடிருங்க."

ஆள் கிடைக்கவில்லை. கட்டில்கள் திரும்பி வந்தன.

மழைக்காலத்தில் அந்தக் கீழவைப்பார்க்காரர் கம்பில்லாமல் நடந்து வந்தார், கால் முறிந்த தன் கூட்டாளியோடு. அவனுக்கு எலும்பு கூடியதும், "இவனையும் அந்தக் கிட்டங்கியில போடுங்க நர்சம்மா," என்றார். மூடிவிட்டதையும் அதன் காரணத்தையும் சொன்னேன்.

"என்னைய நடக்க வச்ச நேரமா?"

"ஆமா."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். வேறு எதுவும் கேட்காமல் கூட்டாளியை ஊருக்குக் கூட்டிப் போனார்.

இரண்டு மாதத்தில் அவன் காலில் சீழோடு திரும்பி வந்தான். ஊரில் போட்ட கட்டைப் பிரிக்கும்போது டாக்டரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.