பூஜைக்குக் கழுவிய வண்டி

தம்பியின் பைக்கை ஆயுத பூஜைக்குக் கழுவிவிட்டார்கள். கழுவியது காவல் நிலையத்தில்.

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் டிரெய்லர் உரசித்தான் தம்பி விழுந்தான் என்றார் டீக்கடைக்காரர். அவனாகவே சறுக்கி விழுந்தான், உதவத்தான் நிறுத்தினேன் என்றார் டிரெய்லர் ஓட்டுநர். தம்பி எதுவும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனான்.

மூன்றாம் நாள் நிலையத்து வாசலில் பைக்கைப் பார்த்தேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை; கை தானாக நோட்டை எடுத்தது. ஒன்று, இடது கைப்பிடி தேய்ந்திருக்கிறது. அந்தப் பக்கமாக விழுந்திருக்கிறான். இரண்டு, டேங்கின் வலது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் தீற்றல், டயரின் வரிகளோடு. தானாகச் சறுக்கி இடப்பக்கம் விழுந்தவனின் வலப்பக்கத்தில் டயர் எப்படி வரும்? மூன்றாவதாகப் படம் எடுக்க போனைத் தூக்கினேன்.

"கேஸ் வண்டிம்மா, போட்டோ எடுக்கக் கூடாது," என்றார் ஏட்டு.

போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிற்சாலையில் பரிசோதனைக்காகச் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிய பொருளை யாரும் தொடமாட்டோம். இங்கேயும் அப்படித்தான் என்று நம்பினேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் எப்போது வருவார் என்று கேட்க அம்மாவும் நானும் மறுபடி போனது பூஜையன்று. ஜீப்போடு சேர்த்துப் பிடித்துவைத்த வண்டிகளையும் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தம்பியின் டேங்க் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மின்னியது. தீற்றல் இருந்த இடத்தில் சந்தனம், குங்குமம்.

"எம் புள்ளய அடிச்ச தடத்தத் தொடச்சிட்டு பொட்டு வேற வெச்சிக்கீறியே, நைனா," என்றாள் அம்மா.

"இன்னாம்மா பேஜாரா கீது? ஸ்டேசன் கலீஜா கீதுன்னும் நீங்கதான் சொல்றீங்க. கழுவினா ஏன் கழுவினேன்றீங்க," என்ற ஏட்டு, பொரிப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ் என்றுகூடச் சொன்னேன்.

விடுமுறை முடிந்து வந்த வாகன ஆய்வாளர், டேங்கில் தடம் எதுவும் இல்லை என்று எழுதினார். இருந்ததற்கு என் நோட்டு மட்டும்தான் சாட்சி. கழுவச் சொன்னது யார், ஆய்வுக்கு முன் ஏன், டிரெய்லரின் டயரை யாராவது பார்த்தார்களா என்று காவல் நிலையத்துக்கு எழுதி அனுப்பினேன். பிடிபட்ட வாகனங்கள் நல்ல முறையில் பராமரிக்கப்படுகின்றன என்று ஒரு வரி பதில் வந்தது. தானாக விழுந்தான் என்றே வழக்கை முடித்தார்கள்.

போன மாதம் பைக்கை எடுத்துப்போகச் சொன்னார்கள். படிவத்தில் வண்டியின் நிலை என்று ஓர் இடம்.

"நல்லா கீதுன்னு எழுதி கையெழுத்துப் போடும்மா," என்றார் அதே ஏட்டு.

வலது பக்கமிருந்த டயர் தடம் ஆய்வுக்கு முன் அழிக்கப்பட்டது என்று எழுதினேன். படித்தார். கிழித்துவிட்டு வேறு தாள் நீட்டினார். அதிலும் அதையே எழுதினேன்.

வண்டி அங்கேயே நிற்கிறது. அடுத்த பூஜைக்கும் கழுவுவார்கள்.